பதியாத களவு

மகன் வீடு வாங்கப் பார்க்கத் தொடங்கிப் பல மாதமாகிறது. சனிக்கிழமைகளில் நானும் கூடப் போவேன். நான் சுவரைத் தட்டிப் பார்ப்பேன். மழை பெய்தால் வளவுத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்ப்பேன். மருமகள் குசினியைப் பார்ப்பாள். மகன் கைத்தொலைபேசியைப் பார்ப்பான். போன மாசியில் ஒரு வீடு அகப்பட்டது. கிழக்கு வாசல், மூன்று அறை, பின் வளவில் காய்த்துக் குலுங்கும் ஒரு தேசி மரம். விலையும் எட்டிப் பிடிக்கக்கூடியது. சிட்னியில் இருந்துகொண்டு இந்தக் கடைசி வசனத்தை எழுதக் கிடைப்பதே அபூர்வம். காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தியதும் மகன் சொன்னான்:

“இந்தப் பக்கம் சரிவராது அப்பா. கிரைம் கூட.”

“ஆர் சொன்னது?”

“மெப்பில சிவப்பாக் கிடக்கு.”

நான் யாழ்ப்பாணத்தில் இருபத்தாறு வருடம் கணக்குப் படிப்பித்தவன். ‘கூட’ என்று ஒருவர் சொன்னால், எதைவிடக் கூட, எத்தனை பேருக்கு எத்தனை என்று கேட்காமல் விட என்னால் ஏலாது. மகனிடம் கேட்டால் வாக்குவாதமாகும். அன்றிரவு பேத்தியைப் பக்கத்தில் இருத்தி அந்த மெப்பைத் திறக்கச் சொன்னேன்.

அதை வெளியிடுவது நியூ சவுத் வேல்ஸ் அரசின் குற்றப் புள்ளிவிபர ஆய்வுப் பணியகம். 1969இல் தொடங்கியது. இங்கே எல்லோரும் ‘பொக்சார்’ என்பார்கள். பொலிசில் பதிவான குற்றங்களை வாங்கி, வகை பிரித்து, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வெளியே விடுகிறார்கள். காசு கேட்பதில்லை. எந்த ஊரின் பெயரை அடித்தாலும் வீடுடைப்பு எத்தனை, கார்த் திருட்டு எத்தனை, தாக்குதல் எத்தனை என்று வந்து விழும். அரசாங்கம் தன் வீட்டு அழுக்கை இப்படித் திறந்து வைத்திருப்பதைப் பார்த்து முதலில் எனக்கு மலைப்பாக இருந்தது. நாங்கள் விட்டுவந்த நாட்டில் இறந்தவர் கணக்கையே இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

மெப்பைப் பெரிதாக்கிப் பார்த்தோம். மகன் சொன்ன சிவப்பு, ரயில் நிலையத்தையும் அதை ஒட்டிய கடைத்தொகுதியையும் சுற்றிக் கிடந்தது. தேசி மரம் நின்ற தெருவில் மஞ்சள்கூட இல்லை. ஆட்கள் கூடுகிற இடத்தில் களவு கூடும். அதற்கு மெப் தேவையில்லை, எங்கள் ஊர்ச் சந்தைக்குத் தேர்த்திருவிழாக் காலத்தில் போனவர்களுக்குத் தெரியும். பரமட்டாவில் உள்ள பெரிய வெஸ்ட்ஃபீல்ட் கடைத்தொகுதியில் வேறு ஊர்ப் பொடியன் ஒருவன் ஒரு சோடிச் சப்பாத்தைத் தூக்கினால் அது பரமட்டாக் கணக்கில் ஏறும். பிறகு அந்த எண்ணைப் பரமட்டாவில் படுத்து எழும்புகிற ஆட்களின் தொகையால் வகுப்பார்கள். வந்து போகிறவர்கள் வகுக்கும் எண்ணில் இல்லை. கணக்கு பிழையில்லை. அதை வாசிக்கிறவர்தான் பிழைவிடுகிறார்.

‘ஒரு லட்சம் பேருக்கு இவ்வளவு’ என்ற வீதமும் அப்படித்தான். பேத்திக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். ஐயாயிரம் பேர் இருக்கும் ஓர் ஊரில் வருடத்துக்குப் பத்து வீடு உடைபட்டால், லட்சத்துக்கு 200. அடுத்த வருடம் ஒரே கூட்டம் ஒரே கிழமையில் இன்னும் ஐந்து வீட்டுக்குள் புகுந்தால் 300. ‘வீடுடைப்பு 50 வீதம் எகிறியது’ என்று செய்தி வரும். கூடியது ஐந்து வீடு. பொக்சாருக்கு இது தெரியும். சனத்தொகை 3,000க்குக் குறைந்த கவுன்சில் பகுதிகளுக்கு அவர்கள் வீதமே கணிப்பதில்லை. பல வரிகளுக்கு நேரே ‘நிலையாக உள்ளது’ என்றுதான் எழுதுகிறார்கள். அந்தச் சொல்லை எந்தப் பத்திரிகையும் தலைப்பில் போடாது.

நாங்கள் இருப்பது டூங்காபியில். பரமட்டாவுக்குச் சற்று மேற்கே. ஒரே டூங்காபியை மூன்று கவுன்சில்கள் பங்குபோட்டு வைத்திருக்கின்றன: பரமட்டா, கம்பர்லண்ட், பிளக்டவுன். ஒரே கள்ளன் ஒரே இரவில் நடந்து நடந்து மூன்று கவுன்சிலின் கணக்கையும் கூட்டிவிட்டுப் போகலாம்.

டூங்காபிக்கும் களவுக்கும் பழைய உறவு. 1791இல் ஆளுநர் ஆர்தர் பிலிப் இங்கே அரசாங்கப் பண்ணை தொடங்கியபோது, காடு வெட்ட அனுப்பப்பட்டவர்கள் கைதிகள். துணி களவெடுத்தவன், ஆடு களவெடுத்தவன் என்று இங்கிலாந்திலிருந்து கப்பலில் ஏற்றி அனுப்பிய ஆட்கள். அன்றைக்கு ஒரு பொக்சார் இருந்திருந்தால் லட்சம் பேருக்கு லட்சம் என்று காட்டியிருக்கும். அதற்கு முன்பு இந்த நிலத்தில் இருந்த டரக் மக்களைக் கேட்டால், களவு போன சாமான் எது என்பதற்கு அவர்கள் வேறு பதில் சொல்வார்கள். அது நிற்க.

கெட்ட பெயர் எடுத்த ஊர் என்றால் எனக்கு நினைவு வருவது கப்ரமட்டா. மாதம் இரண்டு தரம் அங்கே போவேன். டூங்காபியில் ரீ-5 ரயிலில் ஏறினால் மாறாமல் போய் இறங்கலாம். மூத்தோருக்கான தங்க ஓப்பல் அட்டைக்கு நாள் முழுக்கச் சுற்றினாலும் 2 டொலர் 50 சதம்தான். போவது வல்லாரைக்கு. வியட்நாம்காரர் அதைப் பச்சையாக அடித்துச் சீனி போட்டுக் குடிக்கிறார்கள். நாங்கள் சம்பல் போடுகிறோம். கட்டு விற்கிற அம்மாவுக்கு என்னுடைய ஆங்கிலம் விளங்காது, எனக்கு அவருடையது விளங்காது. காம்பு முற்றாத கட்டை அவரே பொறுக்கித் தருவார்.

1998இல் நான் சிட்னிக்கு வந்த புதிதில், அந்த ஸ்டேஷனில் இறங்காதேங்கோ என்றுதான் எங்கள் ஆட்கள் புத்தி சொன்னார்கள். நாட்டிலேயே ஹெரோயின் அதிகம் கைமாறிய இடங்களில் ஒன்று அது. ஜோன் நியூமன் என்ற அந்தத் தொகுதி மாநிலப் பாராளுமன்ற உறுப்பினரை 1994 செப்ரெம்பர் 5ஆம் திகதி இரவு அவருடைய வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். உள்ளூர் அரசியலில் இருந்த ஒருவர் அதற்காக 2001இல் ஆயுள் தண்டனை பெற்றார். அதே 2001இல் மாநில மேல்சபைக் குழு ஒன்று கப்ரமட்டாவின் பொலிஸ் நடவடிக்கைகளை விசாரித்து அறிக்கை வெளியிட்டது. அந்த வருடத் தொடக்கத்தில் ஹெரோயின் வரத்து திடீரென்று வற்றியது. பொலிஸ்காரர் தொகை கூடியது. போதை வீடுகளை மூடச் சட்டம் வந்தது. எது எவ்வளவு வேலை செய்தது என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். ஊர் திரும்பிவிட்டது என்பதில் வாதமில்லை. இன்றைக்கு அங்கே ஆட்கள் கூட்டம் கூட்டமாகச் சாப்பாட்டுச் சுற்றுலா வருகிறார்கள்.

அந்த ஊர்க்காரர் அன்று பட்ட பாட்டில் எனக்குப் பாடமாகப் பட்டது வேறு ஒன்று. கண் முன்னே நடப்பதைப் பலர் பொலிசில் சொல்லவில்லை. மொழி வராது. சொன்னால் பழிவாங்குவார்களோ என்ற பயம். பொலிஸ் என்றாலே நம்பிக்கை இல்லாத நாட்டிலிருந்து படகில் வந்தவர்கள். சொல்லாத களவு பட்டியலில் ஏறாது. பட்டியலில் ஏறாததற்குப் பொலிஸ் ஆள் அனுப்பாது. இதைப் படித்தபோது, பாவம் வியட்நாம்காரர் என்று நினைத்தேன். எங்களைப் பற்றி நினைக்கவில்லை.

ஒன்றை இடையில் சொல்ல வேண்டும். பழைய காலம் பாதுகாப்பான காலம் என்று என் வயதுக்காரர் கோயில் மடப்பள்ளி வாசலில் நின்று பேசுவார்கள். நியூ சவுத் வேல்ஸைப் பொறுத்தமட்டில் அது பொய். வீடுடைப்பும் கார்த் திருட்டும் 2000த்தை ஒட்டி உச்சத்தில் நின்றன. அதன் பிறகு பாதிக்கும் கீழே இறங்கின. ஹெரோயின் வற்றியது ஒரு காரணம். 2001 நடுப்பகுதியிலிருந்து புதுக் கார்கள் எல்லாவற்றிலும், சரியான திறப்பு இல்லாமல் இயந்திரம் இயங்காத பூட்டுக் கருவி கட்டாயமானது இன்னொரு காரணம். இரவில் ஒருவன் தூக்கிக்கொண்டு ஓடுகிற அளவுக்கு ரீவீக்கு விலையும் இல்லாமல் போய்விட்டது. கொலை, நாடு முழுவதும் வருடத்துக்கு லட்சம் பேருக்கு ஒன்று என்ற அளவுகூட இல்லை. இதை நான் சொன்னால், “அண்ணை, நியூஸ் பாக்கிறேல்லையோ?” என்று கேட்பார்கள். பார்க்கிறேன். அதுதான் சொல்கிறேன்.

சித்திரை வருடப்பிறப்புக்கு அடுத்த கிழமை, காலை ஏழு மணியிருக்கும். மனைவி வழக்கம்போலத் தனியே நடக்கப் போனாள். வருடப்பிறப்புக்குக் கோயிலுக்குப் போட்ட மூன்று பவுண் சங்கிலி கழுத்திலேயே கிடந்தது. கழற்றி வைக்கச் சோம்பல். மேலே கம்பளிச் சட்டை. தெருவோரம் ஒரு கார் மெதுவாக வந்து நின்றது. முன்னே ஓர் ஆண். பின்னே ஒரு பெண், மடியில் குழந்தை. வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டார்கள். மனைவி கையை நீட்டி வழி காட்டினாள். அந்தப் பெண் கண் கலங்க நன்றி சொன்னாள். தாய்க்குச் சுகமில்லை, நீங்கள் என் தாய் மாதிரி, ஆசீர்வாதம் பண்ணுங்கள் என்று இறங்கி வந்து கட்டிப் பிடித்தாள். தன் கழுத்திலிருந்த சங்கிலியைக் கழற்றி இவளுடைய கழுத்தில் போட்டாள். இவள் வேண்டாம் வேண்டாம் என்று தடுத்தாள். அந்தப் பெண்ணின் இரண்டு கையும் இவளுடைய கழுத்தடியில் மும்முரமாக இருந்தன. கார் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து கம்பளிச் சட்டையைக் கழற்றும்போதுதான் கண்டாள். கழுத்தில் கிடந்தது மஞ்சள் பூச்சுச் சங்கிலி. தன்னுடையது இல்லை. பிறகுதான் எனக்குத் தெரியவந்தது, சிட்னியிலும் மெல்பேணிலும் பொலிஸ் பல தடவை எச்சரித்த தந்திரம் இது என்று. தெருவில் தனியே நடக்கிற வயதான பெண்களைத்தான் தேடுவார்கள்.

கதிரையில் இருந்து கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள்: “இஞ்சருங்கோ, பிள்ளையளுக்குச் சொல்லிப் போடாதேங்கோ.”

நானும் சொல்லவில்லை. வெட்கம். களவெடுத்தவளுக்கு இல்லாத வெட்கம், களவு கொடுத்த எங்களுக்கு. சொன்னால் மகன் ‘ஏன் நகை போட்டுக்கொண்டு போனனீங்கள்’ என்பான். காலை நடை நின்றுபோகும். ஒருவேளை வீடு பார்க்கும் வட்டமும் இன்னும் சுருங்கும். போன பொருள் வரப்போவதில்லை, பொலிசுக்குச் சொல்லி என்ன என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன்.

உண்மையான காரணம் அதற்கும் அடியில் கிடந்தது. பொலிஸ் என்ற சொல்லைக் கேட்டால் இன்றும் என் கை தானாகச் சட்டைப்பையில் அடையாள அட்டையைத் தேடும். 1995 ஐப்பசி 30, யுத்தத்தில் வலிகாமமே எழும்பி நடந்த இரவில், நாங்களும் வீட்டைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நாவற்குழிப் பாலம் கடந்தோம். ஆறு மாதம் கழித்துத் திரும்பியபோது திறப்பு இருந்தது, கதவு இல்லை. யன்னல் நிலைகளும் இல்லை. அதை எந்தப் பொலிசில் போய் முறையிடுவது? முறையிடாமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்று பழகிய உடம்பு இது. கடல் கடந்து வந்தும் பழக்கம் கூடவே வந்துவிட்டது.

பதினோராவது நாள் மருமகள்தான் கண்டுபிடித்தாள். அவள் பெண். மாமியின் கழுத்தைப் பார்த்தாள். “மாமி, சங்கிலி எங்க?” மாமி அழுதுவிட்டாள். மகன் நான் பயந்த மாதிரி எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு 131 444க்கு எடுத்தான். உயிர் ஆபத்துக்கு 000. ஆபத்து கடந்துபோன களவு, சேதம் போன்றவற்றுக்கு இந்த எண். எடுத்துப் பேசிய பிறகு போனை என்னிடம் நீட்டினான்.

அடுத்த நாள் ஓர் இளம் பொலிஸ்காரி வீட்டுக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்றவா என்று வாசலில் நின்று கேட்டார். என் வாழ்நாளில் ஒரு பொலிஸ் ஆள் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஏன் பதினொரு நாள் பிந்தியது என்று கேட்டார். மகன் மொழிபெயர்க்க வாயெடுத்தான். நான் மறித்து, வெட்கமாக இருந்தது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். சங்கிலியின் பெறுமதி என்ன என்று கேட்டார். மனைவி, “அம்மா எனக்குக் கன்னாதிட்டியில செய்விச்சுப் போட்டது” என்றாள். அந்தப் பத்திரத்தில் அதற்கு இடமில்லை. மகன் பவுண் விலையைப் பெருக்கி ஒரு தொகை சொன்னான். அந்தப் பூச்சுச் சங்கிலியை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு, ஒரு துண்டில் சம்பவ இலக்கம் எழுதித் தந்துவிட்டுப் போனார். அந்தத் துண்டை நான் பஞ்சாங்கத்துக்குள் வைத்திருக்கிறேன்.

இரண்டு நாளில் செய்தி கோயில்வரை போய்விட்டது. எங்கள் ஆட்கள் விசாரிக்க வந்தார்கள். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்ட முதல் கேள்வி, “எந்த ஆக்கள்?”

கார் என்ன நிறம் என்று கேட்கவில்லை, மனைவிக்கு அடிகிடி பட்டதா என்றும் கேட்கவில்லை. எந்த ஆக்கள். நான் தெரியாது என்றேன். எனக்குத் தெரியாதுதான், மனைவி பார்த்தது ஒரு முகம், ஒரு குழந்தை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று அட்டையில் எழுதியிருந்ததற்காகக் கொழும்பில் பிள்ளைகளை இரவில் கூட்டிக்கொண்டு போனபோது எங்களைப் பற்றியும் யாரோ இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். 2009இல் இந்திய மாணவர்கள் மெல்பேணில் அடிபட்டு, இங்கே ஹரிஸ் பார்க் தெருவில் இரவிரவாகக் கூடி நின்று எதிர்ப்புக் காட்டியபோது, ‘இவர்கள் ஏன் பின்னிரவில் ரயிலில் வருகிறார்கள்’ என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அந்தப் பொடியன்கள் பின்னிரவு வேலை முடித்து வந்தவர்கள். விசாவுக்கு ஏதும் வந்துவிடுமோ என்று அடிவாங்கியதைப் பலர் சொல்லாமலே விட்டார்கள்.

பொக்சார் பட்டியலுக்குத் திரும்ப வருகிறேன். நான் திரும்பத் திரும்பப் பார்த்த வரி ஒன்று அதில் உண்டு. தாக்குதலை அவர்கள் இரண்டாகப் பிரிக்கிறார்கள்: குடும்பத்துக்குள் நடந்தது, வெளியே நடந்தது. இந்த மாநிலத்தில் பதிவாகும் தாக்குதல்களில் ஏறக்குறையப் பாதி, குடும்பத்துக்குள் நடந்தவை. மகனின் மெப்பில் ஒரு தெரு வெள்ளையாகக் கிடப்பதால் அந்தத் தெருவில் எல்லோரும் சுகமாகப் படுத்து எழும்புகிறார்கள் என்று அர்த்தமில்லை.

இதை நான் ஊருக்குச் சொல்லும் தகுதியோடு எழுதவில்லை. பல வருடத்துக்கு முன்பு, தெரிந்த குடும்பம் ஒன்றில் பிரச்சினை என்று என்னையும் இன்னும் இரண்டு பெரியவர்களையும் கூப்பிட்டார்கள். வாத்தியார் சொன்னால் கேட்பார்கள் என்று. அந்தப் பெண் பிள்ளை எதிரே கதிரையில் இருந்தாள். கை நீளச் சட்டை. சிட்னித் தை மாத வெயில், வெளியே நாற்பது பாகை. ஏன் கை நீளச் சட்டை என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. தோன்றியது, கேட்கவில்லை. நான் சொன்னது இது: “கொஞ்சம் பொறுத்துப் போ பிள்ளை. பொலிஸ், கோடு எண்டு போனால் குடும்பம் சிதறிப் போகும்.” புருஷனுக்கும் இரண்டு வார்த்தை புத்தி சொன்னோம். தேத்தண்ணி வந்தது, குடித்தோம்.

மூன்று மாதம் கழித்து அந்தப் பிள்ளை தானே 000க்கு அடித்தாள். பொலிஸ் வந்தது; ஏ.வீ.ஓ. என்கிற பாதுகாப்புக் கட்டளை வந்தது. குடும்பம் சிதறியது. பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள். மேஸ் ஹில் முருகன் கோயிலில் என்னைக் கண்டால் மரியாதைக்குத் தலையசைத்துவிட்டு நடப்பாள், நிற்க மாட்டாள். அவள் நிற்க வேண்டிய அவசியம் இல்லை. அன்றைக்கு அந்த அறையில் அவளுக்கு ஆபத்தாக இருந்தவர்களில் நானும் ஒருவன்.

அடித்தால்தான் குற்றம் என்ற காலமும் போய்விட்டது. 2024 ஜூலை முதலாம் திகதியிலிருந்து இந்த மாநிலத்தில், துணையின் காசைப் பிடித்து வைப்பது, போனைச் சோதிப்பது, ஆட்களோடு பழகவிடாமல் அடைப்பது என்று தொடர்ந்து ஆளை அடக்கி ஆள்வதே குற்றம். ஏழு வருடம்வரை சிறை. எங்கள் வீடுகளில் இதற்கு ‘கண்டிப்பான மனுசன்’ என்று பெயர் வைத்திருந்தோம்.

போனில் நடக்கும் களவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். வரித் திணைக்களம் பேசுகிறேன், வங்கி பேசுகிறேன் என்று வருகிற ஆட்கள். 2024இல் அவுஸ்திரேலியர் மோசடிகளில் இழந்ததாக அறிவித்த தொகை மட்டும் 200 கோடி டொலருக்கு மேல். அறிவிக்காதது வேறு. வேலி பாயாத கள்ளன். இரட்டைப் பூட்டுப் போட்டு, மூன்று கமெரா பூட்டிய வீட்டுக்குள் கதிரையில் இருந்தபடியே எங்கள் கிழவர்கள் அட்டை இலக்கத்தைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். சொல்லிக்கொடுத்துவிட்டு எங்களைப் போல வாயைப் பொத்திக்கொள்கிறார்கள்.

கமெரா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மகன் வாசலில் ஒன்று பூட்டியிருக்கிறான். அதில் இதுவரை அகப்பட்டது பொசம் ஒன்றும், சாமம் பன்னிரண்டு மணிக்கு வந்த மருமகளின் தம்பியும்தான். எங்களுக்கு உண்மையில் காவல் பக்கத்து வீட்டுப் பிலிப்பினோ அம்மா. நாங்கள் எங்கேயும் போனால் சிவப்பு மூடிக் குப்பைத் தொட்டியைத் தானே உள்ளே இழுத்து வைப்பார். தெருவில் மூன்று நாள் நிற்கும் தொட்டியைப் போல ஆளில்லாத வீட்டுக்கு விளம்பரம் வேறில்லை. அவருக்கு நாங்கள் மோதகம் கொடுப்போம். சங்கிலிக் கதையைக் கேட்டுவிட்டு, தன் தங்கைக்கும் போன வருடம் இப்படி நடந்தது, வெட்கத்தில் யாருக்கும் சொல்லவில்லை என்றார். அந்தக் களவும் பட்டியலில் இல்லை.

என் வயதுக்காரருக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். களவு போனாலும், ஏமாந்தாலும், வீட்டுக்குள் கை நீண்டாலும் சொல்லுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் ‘தமிழ், இன்ரர்பிரிற்றர்’ என்ற இரண்டு சொல் போதும். இல்லையென்றால் மொழிபெயர்ப்புச் சேவையின் 131 450க்கு அடியுங்கள். குடும்ப வன்முறைக்கு 1800 737 732, இரவு பகல் எந்நேரமும். பிள்ளைகள், ‘ஏன் நகை போட்டனீங்கள்’ என்ற கேள்வியைத் தயவுசெய்து விழுங்கிவிடுங்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் நாங்கள் பதினொரு நாள் இருந்தோம்.

அந்தத் தேசி மரத்து வீட்டை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். மகன் இன்னும் பார்க்கிறான்; மெப்பையும் பார்க்கிறான், ஆனால் இப்போது என்னிடம் காட்டிக் கேட்கிறான். ஆனியோடு முடிந்த காலாண்டின் கணக்கைப் பேத்தி திறந்து காட்டினாள். எங்கள் ஊருக்கு நேரே, ‘ஆளிடமிருந்து களவு’ என்ற வரியில் ஒரு சின்ன எண் இருந்தது. அதில் ஒன்று மனைவியின் சங்கிலி.